உருகிப்போன பொற்காசுகள்

நாணயம் சேர்க்கும் அன்பர்களுக்கு என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஒரு நடைபாதைக் கடையில், 1822 என்று பொறித்த அமெரிக்க ஐந்து டாலர் பொற்காசைக் கண்டேன். பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் கை வைக்கவே துணிந்துவிட்டேன்! நல்ல வேளை, "நாளை வருகிறேன்" என்று வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன்.

அமெரிக்க நாணயச்சாலை 1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிலடெல்பியாவில் அமைந்தது. முதல் பொற்காசுகள் 1795-இல் வெளிவந்தன. ஐந்து டாலர் காசுக்கு 'அரை ஈகிள்' என்று பெயர். எடை 8.75 கிராம், நம் வீட்டு நகையைப் போலவே 22 காரட். (நம் பவுன் 8 கிராம்தானே!)

ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்கு வெள்ளி என்று அந்தச் சட்டம் விகிதம் வைத்தது. ஐரோப்பாவிலோ தங்கத்துக்கு அதைவிட மதிப்பு. வியாபாரிகள் விடுவார்களா? காசுகள் கப்பலேறி உலைக்குப் போயின. 1834-இல் புதுக் காசின் எடையைக் குறைத்தார்கள். பழைய காசில் ஐந்து டாலருக்கு மேல் தங்கம் இருந்ததால், மிஞ்சியவையும் உருகின.

1822-ஆம் ஆண்டுக் கணக்கில் உள்ளவை 17,796. இன்று இருப்பதாகத் தெரிந்தவை மூன்றே மூன்று! இரண்டு வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். மற்றொன்று 2021-இல் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நான்காவது நம் நடைபாதைக்கா வரும்?

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. மறுநாள் சிறு தராசுடன் போனேன். 7 கிராம்கூடத் தேறவில்லை. கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமலே காசை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.