வீட்டுக்குள் ஒரு கடல்: பெரிய உப்புநீர் மீன் தொட்டியும் நம் பாடங்களும்



மீன் தொட்டி என்றால் மீன் கடைக்காரர் சமாச்சாரம் என்று நினைப்போம். ஆனால் 10 அடி நீளத்தில் கடல்நீர்த் தொட்டி வைப்பதென்றால் ஹைட்ராலிக்ஸ், ஸ்ட்ரக்சர்ஸ், எலக்ட்ரிக்கல் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மீன் கடைசியில்தான் வரும்!

நீளம் 3 மீட்டர், அகலம் 1 மீட்டர், நீரின் ஆழம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 2,400 லிட்டர். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1,025 கிலோ. எனவே தண்ணீர் மட்டுமே 2,460 கிலோ. 19 மி.மீ. கண்ணாடி என்றால் அது ஒரு 450 கிலோ. ஸ்டாண்டு, கல், மணல் சேர்ந்தால் 3 டன்னைத் தாண்டிவிடும்.

எனக்கு இது வெறும் பரீட்சைக் கணக்கு அல்ல. என் அப்பா கொத்தனார். கையெழுத்து மட்டும் போடுவார். அவர் கட்டிய வீட்டின் மாடி ஹாலில் இப்படி ஒரு தொட்டி வைக்க வீட்டுக்காரருக்கு ஆசை. "உங்க ஸ்லாப்தானே மேஸ்திரி, தாங்கும்னு சொல்லுங்க" என்றாராம். அப்பா என்னிடம் வந்து, "தாங்குமாடா? கீழ் ரூம்லதான் அவரோட அம்மா படுக்குறாங்க" என்றார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். தொழில் விஷயத்தை அப்பா என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஐ.எஸ். 875 இரண்டாம் பாகம் (1987) வீட்டு அறைக்குச் சொல்லும் லைவ் லோடு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. நம் தொட்டியோ சதுர மீட்டருக்கு 1,000 கிலோ. ஐந்து மடங்கு! விசேஷத்துக்கு வருகிற 40 பேரைத் தாங்கும் ஸ்லாப் இதைத் தாங்காதா என்றால், அவர்கள் ஹால் முழுக்கப் பரவி நிற்பார்கள், சாப்பிட்டுப் போய்விடுவார்கள். தொட்டி இரவு பகலாக ஒரே இடத்தில் நிற்கும். க்ரீப் என்று படித்தோமே, அதன்படி ஸ்லாப் மெல்ல மெல்லத் தொய்யும். பீமுக்கு மேலே சுவரோரம் வைத்தால் கொஞ்சம் தேவலை. அதற்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கம்பி விவரம் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். தரைத்தளம்தான் சரி என்றேன். அப்பா அப்படியே போய்ச் சொன்னார். வீட்டுக்காரர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு கீழேயே வைக்க ஒத்துக்கொண்டார்.

அடுத்தது கண்ணாடி. முன்பக்கக் கண்ணாடி மீது மொத்த விசை சுமார் 9.65 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட ஒரு டன் எடை. அது அடியிலிருந்து 27 செ.மீ. உயரத்தில் செயல்படும். தொட்டியின் அகலம் இந்தச் சூத்திரத்திலேயே இல்லை, கவனியுங்கள்! அகலத்தை இரட்டித்தால் எடைதான் கூடும். ஆழத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. பெர்லினில் ஒரு ஹோட்டலில் இருந்த 10 லட்சம் லிட்டர் தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று உடைந்து, சிதறிய துண்டுகளால் இரண்டு பேர் காயமடைந்தார்கள்.

உப்பு லிட்டருக்கு 35 கிராம் வீதம் 84 கிலோ வேண்டும். சமையல் உப்பு உதவாது. மெக்னீசியம், கால்சியம் எல்லாம் கலந்த கடல் உப்புக் கலவை வேண்டும். நீர் ஆவியானாலும் உப்பு போகாது. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். செம்புக் குழாய் கூடவே கூடாது. இறால், நண்டுக்கு அது விஷம்.

கரண்ட் போனால்? பம்பு நின்றதும் மேல்மட்டத்தில் 2.5 செ.மீ. நீர் வழிந்தால்கூட 75 லிட்டர் கீழ்த் தொட்டிக்கு இறங்கும். அவ்வளவு இடம் அதில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். பம்பு ஓடும்போது அளந்து, கீழ்த் தொட்டியில் ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது.