மூடப்பட்ட ஓடுபாதை

2010 அக்டோபரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த காரியம் இது. செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், 50 வருஷத்துக்கு மேல் விமானம் ஓட்டினவர். தம்முடைய சிறிய செஸ்னா விமானத்தை, மூடப்பட்டிருந்த ஓடுபாதையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்! அங்கே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நல்ல வேளை, ஒருவருக்கும் காயமில்லை.

பாதையில் பெரிய மஞ்சள் எக்ஸ் குறி இருந்ததே, கண்ணுக்குத் தெரியலையா என்று கேட்பீர்கள். நான் அதற்கும் முந்தின ஒரு கேள்வி கேட்கிறேன்: புறப்படுமுன் அவர் எதைப் பார்த்தார்?

கவனியுங்கள், எச்சரிப்பு இரண்டு. முதலாவது, நோட்டாம் என்கிற அறிவிப்பு. எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று அது தரையிலேயே சொல்லிவிடும். அதை அவர் பார்க்கவில்லை. இரண்டாவது, அந்த எக்ஸ் குறி. முதலாவதை விட்டவருக்கு மிச்சம் அது ஒன்றுதான். அதையும் இறங்குகிற வேகத்தில் பார்க்க வேண்டும்.

பிறகு அவர் மறுபடியும் பயிற்சி எடுக்க வேண்டியதாயிற்று.

அனுபவம் விமானத்தை இறக்கக் கற்றுத் தரும். இன்றைக்கு எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம் படிக்காமல் விட்டால், ஆபத்து நமக்கு மட்டுமா? கீழே குனிந்து வேலை செய்கிறவனுக்கும்தான். ஆகவே, பழகின வழிதானே என்று கிளம்பிவிடாதீர்கள். இன்றைய அறிவிப்பைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.