மலையாற்றில் துடுப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

முட்டுக்காட்டு உப்பங்கழியில் கயாக் ஓட்டிப் பழகிய தாம்பரம், மேடவாக்கம் பக்கத்து இளைஞர்களுக்கு அடுத்த ஆசை மலையாறு. கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரிப் பக்கம் ஓடும் சாலிப்புழாவும் இருவஞ்சிப்புழாவும் அதற்குப் பேர்போனவை. 2013-இல் தொடங்கிய மலபார் நதித் திருவிழாவுக்கு வெளிநாட்டு வீரர்களும் அங்கே வருகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் சமவெளி நினைப்போடு மலையாற்றில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

நம்பிக்கை: மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை.
உண்மை: அது சென்னையின் கணக்கு. கோடஞ்சேரி மலைகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையே முதன்மை. நாம் மொட்டைமாடியில் வடாம் காயவைக்கும் ஜூலையில் அங்கே ஆறு நுரைத்து ஓடும். பொங்கல் விடுமுறைக்குப் போனால் பாறைகளைத்தான் பார்க்கலாம்.

நம்பிக்கை: நீச்சல் தெரிந்தால் போதும்.
உண்மை: நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் அது உடலைச் சரியாகத் தாங்காது. நல்ல நீச்சல்காரரும் அதில் அமிழ்வார். ஓட்டத்தின் வேகம் இருமடங்கானால் ஆளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்த ஓட்டத்தில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் சிக்கும். பின்னாலிருந்து வரும் நீர் ஆளை முன்னே சாய்த்து அமுக்கிவிடும். லைஃப் ஜாக்கெட்டை இறுகக் கட்டி, மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்தபடி கரை ஒதுங்க வேண்டும்.

நம்பிக்கை: தலைக்கு மேல் மழை இல்லாவிட்டால் பயமில்லை.
உண்மை: ஆற்றின் போக்கை மேல்மலையில் பெய்யும் மழை தீர்மானிக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. கரையில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கல்லை வைத்துக் கவனியுங்கள். கல் மூழ்கினாலோ, தெளிந்த நீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே மேடேறுங்கள்.

நம்பிக்கை: சின்னத் தடுப்பணைதானே, வழுக்கி இறங்கிவிடலாம்.
உண்மை: தடுப்பணையின் அடியில் நீர் சுருண்டு மேலோட்டத்துக்கே திரும்புகிறது. அதில் விழுந்தவரைச் சுவரை நோக்கி மறுபடி மறுபடி இழுக்கும். அங்கே படகைத் தோளில் சுமந்து கரைவழியே கடப்பதே முறை.

நம்பிக்கை: 2015 சென்னை வெள்ளத்திலேயே படகு விட்டோம், இது என்ன பெரிது?
உண்மை: அந்த டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது, முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் அடையாறு புகுந்தது. வெள்ளம் ஓடும் தெருவில் கம்பிவேலியும் இரும்பு கேட்டும் எமன். நீர் இடுக்கில் நுழைந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். மலையாற்றில் குறுக்கே விழுந்த மரமும் அதையே செய்யும். தூரத்திலேயே அதைக் கண்டு ஒதுங்கும் பழக்கம் தெருவெள்ளத்தில் வராது. அமைதியான நீரில் பயிற்சியாளரிடம் கற்று, பிறகு ஆற்றில் வழிகாட்டியோடு பழகியே வரும்.

தாம்பரத்தில் மங்களூர் ரயில் ஏறினால் கோழிக்கோட்டில் இறங்கலாம். ஏறுமுன் குழுவில் ஒன்றைப் பேசி முடியுங்கள்: ஆற்றங்கரையில் யாராவது ஒருவர் "இன்று வேண்டாம்" என்றால், அவர் கடைக்குட்டியாகவே இருந்தாலும், அன்று படகு தண்ணீரில் இறங்கக் கூடாது.