பழைய சிறு கார் வாங்குவோருக்கு ஒரு கணக்குப் பாடம்



கடை வைத்திருக்கும் நமக்குச் சரக்குப் பார்த்து வாங்கத் தெரியும். மிளகு மூட்டையைப் பிரித்து, கையில் அள்ளி, ஈரம் பார்த்து, தூசு பார்த்து, அதன் பிறகே விலை பேசுவோம். அதே நாம் பழைய கார் வாங்கப் போனால், பெயிண்டின் பளபளப்பையும் சீட்டு உறையையும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். நான் அப்படிச் செய்து நஷ்டப்பட்டவன். நான் பட்டறைக்காரன் அல்ல. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் படித்த ஒரு கடைக்காரன். பணம் கொடுத்துக் கற்ற பாடத்தை இனாமாக உங்கள் முன் வைக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், தெரிந்த ஒருவரிடம் 12,000 வெள்ளிக்கு ஒரு சிறு கார் வாங்கினேன். நம்மவர்தானே என்ற நம்பிக்கையில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் மாதம் ஈப்போவிலிருந்து பினாங்குக்குப் புறப்பட்டேன். மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் சூடு காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினேன். அந்தக் கொஞ்ச தூரந்தான் என்னைக் கெடுத்தது. வண்டி நின்றது, இழுவை லாரி வந்தது. பட்டறைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "பாய், விளக்கு எரிஞ்ச உடனே நிறுத்தியிருந்தா ரேடியேட்டரோட போயிருக்கும். இப்ப ஹெட்டே வளைஞ்சு போச்சு" என்றார்.

விற்றவரிடம் போய்க் கேட்டேன். "தண்ணி அடிக்கடி குறையும்தான். நீங்க கேக்கலையே பாய்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மெய்யும் சொல்லவில்லை. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் வருஷத்தில் நான் செலவழித்த கணக்கு இது. ஹெட் வேலையும் ரேடியேட்டரும் 1,850 வெள்ளி; இழுவை லாரி 250; நான்கு அப்சார்பர் 640; ஏர்கான் கூலிங் காயில், கேஸ் உட்பட 480; பேட்டரி 220; இரண்டு டயர் 300. ஆக மொத்தம் 3,740 வெள்ளி. மாதம் 311 வெள்ளிக்கு மேல் ஆகிறது. விலை ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை மாறும். ஆனாலும் கார் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே வருஷத்தில் போயிற்று என்பதைக் கவனியுங்கள்.

இனி, பார்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, தண்ணீர். காரைப் பார்க்கப் போகுமுன் இஞ்சினை முடுக்கி வைக்க வேண்டாமென்று சொல்லி வையுங்கள். இஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே கூலண்ட் நிறத்தோடு தெளிவாக இருக்க வேண்டும். துருப்பிடித்த செந்நிறத் தண்ணீராக இருந்தால், வெறும் பைப்புத் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள் என்று அறியலாம். எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்த தேநீர் போல் இருந்தால், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். அந்தக் காரைப் பட்டறையில் சோதிக்காமல் தொடவே கூடாது.

இரண்டாவது, எண்ணெய். காலையில் முதன்முதல் முடுக்கும்போது பின்குழாயைப் பாருங்கள். நீலப்புகை வந்தால் இஞ்சின் எண்ணெயைத் தின்கிறது. வால்வு சீல் மட்டுமென்றால் சில நூறு வெள்ளியோடு போகலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயிரக்கணக்கில் போகும்.

மூன்றாவது, டைமிங் பெல்ட். சில இஞ்சின்களில் ரப்பர் பெல்ட், சிலவற்றில் இரும்புச் சங்கிலி. 1994-ல் வந்த கஞ்சில் காரில் இருந்தது பெல்ட். 2005-ல் வந்த மைவி காரின் 1.3 இஞ்சினில் இருந்தது சங்கிலி. பெல்ட்டைத் தயாரிப்பாளர் குறித்த கிலோமீட்டரில் மாற்றியே தீர வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால், பல இஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள், பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள். சங்கிலிக்கு அப்படிக் கெடு இல்லையென்றாலும், எண்ணெயை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அதுவும் தேய்ந்து சலசலக்கும்.

நான்காவது, கியர். ஆட்டோ கியரில் 'டி'-யில் போட்டவுடன் வண்டி பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டுக் குலுங்கிப் பிடித்தால் கியர்பெட்டி களைத்துவிட்டது. கியர் எண்ணெயில் கருகிய வாடை வந்தாலும் அதே எச்சரிக்கைதான். சிறு காரில் மிகப் பெரிய செலவு இதுவே. 'ஹாஃப்-கட்' கடையில் பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் எழுத்தில் உத்தரவாதம் கொடுக்கும் கடையாகப் பாருங்கள்.

ஐந்தாவது, அடிப்பாகம். மேடுபள்ளத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அப்சார்பர், லோவர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் இவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும். வேகம் கூடக் கூட விமானம் போல் இரைந்தால் சக்கர பேரிங்காக இருக்கலாம். இங்கே நம் குற்றமும் உண்டு. 10 கிலோ அரிசிப் பை 20 ஏற்றினால் 200 கிலோ. அது மூன்று பெரிய ஆட்கள் பின்னால் உட்கார்ந்த பாரம். அதன்மேல் எண்ணெய் டின்னும் ஏற்றி, குடும்பத்தையும் ஏற்றினால் பின் ஸ்பிரிங் என்ன செய்யும்? கார் வேறு, லாரி வேறு.

ஆறாவது, ஏர்கான். கேஸ் என்பது பெட்ரோல் போல் எரிந்து தீரும் பொருள் அல்ல. அது மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கேஸ் அடிப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதற்குச் சமம்.

ஏழாவது, மின்சாரம். பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.5 முதல் 14.5 வரை இருக்கும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதை அறியாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் புதுப் பேட்டரியும் சாகும்.

எட்டாவது, டயர். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும். ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அடிப்பாகத்தில் கோளாறு இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான் பக்கங்களில் அநேகக் கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அதன் அடிநுனியில் சேறு ஒட்டியிருக்கிறதா, கம்பளத்தில் புழுங்கிய வாடை வீசுகிறதா, சீட்டின் கீழ் இரும்பு துருத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் மாற்றச் சோதனையில் தேறிவிட்டதே, போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. இந்தக் கார் இன்னும் எத்தனை நாள் செலவில்லாமல் ஓடும் என்று சொல்வது அந்தச் சோதனையின் வேலை அல்ல. ஆகவே உங்களுக்கு நம்பிக்கையான போமெனுக்கு 100 வெள்ளி கூலி கொடுத்து, காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த 100 வெள்ளியை நான் மிச்சம் பிடித்ததால்தான் 1,850 வெள்ளி கொடுக்க நேர்ந்தது. கையில் 12,000 இருந்தால் 10,000-க்குள் கார் பார்த்து, 2,000-ஐ முதல் வருஷப் பழுதுக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைப்பது கடைக்காரனுக்குத் தெரியாத முறை அல்லவே.

இப்போது நான் சொல்வதாக வைத்திருந்த விஷயம். மூன்று வருஷம் கழித்து அந்தக் காரை நானும் விற்றேன். வாங்க வந்தவர் ஒரு இளைஞர். புதிதாகச் சாப்பாட்டுக் கடை வைத்தவர். அவரும் பளபளப்பைத்தான் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "கேக்கலையே" என்று நானும் சொல்லிவிடலாம் என ஒரு கணம் மனம் சொன்னது. ஆனால் குறையை மறைத்து விற்பது ஆகாது என்று சிறுவயதில் மதரஸாவில் படித்தது, கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு படித்தது அல்ல. ஹெட் திறந்த கதை, கியர் காலையில் சற்றுத் தயங்குவது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழதிப் பில்களோடு கொடுத்தேன். அவர் 800 வெள்ளி குறைத்துக் கேட்டார். கொடுத்தேன். அவர் இன்றும் என் கடையில்தான் மசாலா வாங்குகிறார்.

வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். விற்கும்போது கேளாமலே சொல்லுங்கள். சூட்டு விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள்.