ஆபத்தும் இடரும்

ஊர் நடுவில் ஆழமான கிணறு ஒன்று இருக்கிறது. அது ஓர் ஆபத்து. கிணற்றுக்குச் சுவர் இல்லை. பக்கத்திலேயே குழந்தைகள் விளையாடுகிறார்கள். அவர்கள் விழுந்துவிட வாய்ப்பு அதிகம். ஆபத்தால் கேடு நேரும் இந்த வாய்ப்பைத்தான் இடர் என்கிறோம்.

கிணற்றைச் சுற்றிச் சுவர் கட்டினால் என்ன ஆகும்? கிணறு அங்கேயேதான் இருக்கும். ஆழமும் குறையாது. ஆனால் இடர் குறைந்துவிடும். இப்படி இடரைக் குறைப்பதுதான் பாதுகாப்பு.

கிணற்றுக்குச் சுவர் கட்டலாம். புயலைத் தடுக்க முடியுமா? முடியாது. அப்போது என்ன செய்வது? ஒடிசா மாநில மக்களின் அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது.

1999 அக்டோபர் 29ஆம் நாள். ஒடிசா கடற்கரையைப் பெரும் புயல் தாக்கியது. காற்று மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. கடல் நீர் ஊர்களுக்குள் புகுந்தது. ஓடிப்போய் ஒதுங்க உறுதியான கட்டடங்கள் மிகக் குறைவு. குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள் எங்கே போவார்கள்? சுமார் 10,000 பேர் இறந்தார்கள்.

அதன்பின் அரசும் மக்களும் விழித்துக்கொண்டார்கள். கடலோர ஊர்களில் புயல் காப்பகங்கள் கட்டப்பட்டன. கிராம இளைஞர்கள் பயிற்சி பெற்றார்கள். வீடு வீடாகச் சென்று எச்சரிக்கவும், முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லவும் கற்றார்கள்.

2013 அக்டோபர் 12ஆம் நாள். பைலின் என்ற புயல் ஒடிசாவைத் தாக்கியது. 1999 புயலைவிட வேகம் சற்றுக் குறைவு. ஆனாலும் அது மிகக் கடுமையான புயல். இந்த முறை, புயல் வரும் முன்பே ஒடிசாவிலும் ஆந்திராவிலும் சுமார் 10 லட்சம் பேர் பத்திரமான இடங்களுக்குப் போய்விட்டார்கள். ஒடிசாவில் இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு.

வீடுகள் இடிந்தன. பயிர்கள் அழிந்தன. இடர் முழுவதும் நீங்கிவிடவில்லை. எந்தப் பாதுகாப்பும் இடரை அடியோடு நீக்காது. ஆனால் பல்லாயிரம் உயிர்கள் தப்பின. இடிந்த வீட்டை மீண்டும் கட்டலாம். போன உயிரை மீட்க முடியாது.

புயல் யாருக்கும் பொதுவானது. இடர் அப்படி அல்ல. அது குடிசைக்கு அதிகம், மாடிவீட்டுக்குக் குறைவு. ஆகவே பாதுகாப்பு ஒருவர் தேடிக்கொள்வது மட்டும் அல்ல. ஊர் கூடிக் கேட்டுப் பெற வேண்டிய உரிமையும் ஆகும்.

சிந்தியுங்கள், பேசுங்கள்

1. உங்கள் ஊரில் உள்ள ஆபத்துகள் யாவை?
2. அவற்றால் யாருக்கு இடர் அதிகம்? ஏன்?
3. அந்த இடரைக் குறைக்க ஊர் மக்கள் என்ன செய்யலாம்? அரசிடம் எதைக் கேட்கலாம்?