தீக்கருகே வளரும் சிறார்

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணை கரிசற்பூமி. மழை பொய்த்தால் விளைவில்லை; ஆதலால் அங்குள்ளார் பலர் பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பி வாழ்கின்றனர். இவ்வூர்த் தாய்மார் தம் மக்களுக்குள்ள அபாயத்தை அறியாதவரென்று நகரத்தார் சிலர் எண்ணுவர். அது பெரும்பிழை. நாள்தோறும் திரியைத் தொட்டுப் பிழைப்பவளுக்குத் திரியின் குணத்தை நாம் போதிக்க வேண்டுவதில்லை. 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் அருகேயுள்ள அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்து இருபதின்மருக்கு மேல் மாண்டதை அவள் மறந்தாளுமல்லள். அறிந்தும் அஞ்சியும் வேறு வழியில்லாமையே அவளது துன்பம்.

சிறாரை இத்தொழிலில் அமர்த்தலாகாதென்பது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். சிவகாசிச் சிறாரைப் பற்றிய வழக்கொன்றில், 1996-இல் உச்சநீதிமன்றம் அதனை மேலும் வலியுறுத்திற்று. அதன்பின் ஆலைகளில் பிள்ளைகள் பெரிதும் குறைந்தனர். ஆயினும் வேலையில் ஒரு பகுதி கள்ளத்தனமாய் வீடு புகுந்தது. உரிமம் பெற்ற ஆலையில் மருந்து கலக்கும் அறை தனித்திருக்கும். உள்ளே இருப்போர் தொகைக்கும் வரம்புண்டு. வீட்டிலோ கருந்திரி உலரும் திண்ணையிலேயே குழந்தை தவழும். சில அடி தூரத்தில் அடுப்பு எரியும். அலுமினியத்தூளும் வெடியுப்பும் கந்தகமும் கலந்த மருந்துக்கு நெருப்பும் வேண்டுவதில்லை, உராய்வே போதும்.

பிள்ளைகளின் தோல் மெல்லியதாகையால் சூடு விரைந்து ஆழப் பாயும். உடலெடையை நோக்க அவர்தம் தோற்பரப்பு மிகுதி. ஆகவே உடல்நீர் விரைவில் வற்றும். தீப்பட்டவுடன் செய்யத்தக்கது யாதெனில், குளிர்ந்த தூயநீரை இருபது நிமிடம் இடைவிடாது வார்த்தலே. பனிக்கட்டி ஆகாது. வளையல், அரைஞாண் முதலியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றுக. ஒட்டிய துணியைப் பிய்க்கற்க. மையும் மாவும் பற்பசையும் பூசுவது நம்மிடையே கற்றவரும் விடாத வழக்கம்! அவை புண்ணைக் கெடுப்பதோடு, காயத்தின் ஆழத்தை மருத்துவர் அறியாவண்ணம் மறைத்தும் விடும். தூய துணியால் மூடி விரைவில் மருத்துவமனை சேர்ப்பதே முறை.

தீயொன்றே அபாயமன்று. கைப்பிடிச் சுவரில்லாத தோட்டக்கிணறு ஊர்தோறும் உண்டு. தவழும் குழந்தை மூழ்க ஒரு வாளி நீரே போதும்.

இவை யாவும் கண்காணிப்பாரிருந்தால் பெரிதும் தவிர்க்கத்தக்கவை. ஆனால் அங்கன்வாடி மூடிய பின்னரும் தாயை ஏற்றிச்சென்ற ஆலை வண்டி திரும்பாத நாட்களில், வீட்டிற்கு எட்டு வயதுத் தமக்கையே காவல். இரவுச் சோற்றுக்கு அடுப்பு மூட்டுபவளும் அவளே.