வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமல் வைக்காதீர்கள்

லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்குச் சொந்தக் காணி என்பது லேசான காரியம் இல்லை. பிள்ளைகள் கொழும்பில் உழைத்து அனுப்பும் காசில் டவுன் பக்கம் பத்து பேர்ச் வாங்கி, அதையே வங்கியில் ஈடு வைத்து வீடு கட்டிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிள்ளைக்கு வேலை போனாலோ, வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தாலோ தவணை நின்றுவிடும். வங்கிக் கடிதம் வரும். "வீட்ட புடுங்கிருவாங்களே" என்று பயந்து, அதைப் பிரிக்காமலே சாமித் தட்டில் செருகிவிடுகிறோம். வீடு கைவிட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

வங்கி என்ன செய்யலாம்?

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட வங்கிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. 'பராட்டே' என்பது இதுதான். ஆனால் ஒரே நாளில் ஏலம் நடக்காது. பணிப்பாளர் சபை தீர்மானம் எடுக்க வேண்டும். வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் அறிவிக்க வேண்டும். ஏலத்துக்கு முன்பே மீதிக் கடன் முழுவதையும் வட்டியோடும் செலவோடும் கட்டினால் ஏலம் நிற்கும். 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனுக்கு இந்தச் சட்டத்தில் ஏலம் விடுவதை 2011ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்தது. அப்போதும் வங்கி நீதிமன்றம் போகலாம். அரச வங்கிகளுக்குத் தனிச் சட்டங்களும் உண்டு. ஆகவே நம் கடனுக்கு எது பொருந்தும் என்று சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும்.

நாம் கேட்கக்கூடியவை

1. தவணைக் காலத்தை நீட்டுதல். முதலில் 4 இலட்சம் பாக்கி, 24 மாதம் மீதி என்று வைப்போம். முதலுக்கு மட்டும் மாதம் சுமார் 16,700 ரூபா வரும். 48 மாதமாக்கினால் சுமார் 8,300 ரூபா. ஆனால் வட்டி கூடுதல் காலம் ஓடும் என்பதை மறக்கக் கூடாது.

2. கஷ்டம் தீரும்வரை சில மாதம் வட்டியை மட்டும் கட்டுதல்.

3. தண்ட வட்டியைக் குறைக்க அல்லது நீக்கக் கேட்டல்.

4. எதுவும் சரிவராவிட்டால், வங்கியின் சம்மதத்தோடு நாமே விற்றுக் கடனை அடைத்தல். ஏலத்தை விட நல்ல விலை வரலாம். மிச்சப் பணம் நமக்கே.

வங்கி ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என்றாலும், தவணை தவறிய உடனே சம்பளச் சீட்டும் வைத்தியத் துண்டும் எடுத்துக்கொண்டு போனால் பேச இடமிருக்கும். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். முடியாத தொகைக்குத் தலையாட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை

அவசரத்துக்கு வட்டிக்காரரிடம் ஓடி, "சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்று நீட்டும் அறுதி உறுதியில் ஒப்பமிடாதீர்கள். ஈடு வைத்தால் காணி நம் பெயரிலேயே இருக்கும். அறுதி எழுதினால் காணி அவருடையதாகிவிடும்.

வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை தருகிறது. வங்கியில் முறைப்பாடு செய்தும் தீராவிட்டால், மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்குப் பேசலாம்.

தட்டில் கடிதம் இருந்தால் இன்றைக்கே பிரியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். கடன் பட்டது வெட்கமில்லை. பேசாமல் இருந்து வீட்டை இழப்பதுதான் நட்டம்.